ஜன்னலை அடைத்து நின்ற மாத்திரை

நான் கம்பவுண்டர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, மருந்தறைக்கு வெளியே பெஞ்சு போட்டு, மாலையும் போட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று கேட்டீர்கள். எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. சால்வையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். அது இல்லை. பேச ஆரம்பித்தால் எதைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை ஐம்பது பேர் முன்னால் நின்று சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இருபத்துநான்கு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிஷத்தில் வருகிற ஆரம்ப சுகாதார நிலையம். மருந்து கொடுக்கிற நீங்கள் இப்போது நிற்பதும் அதே மாதிரி ஒரு ஜன்னல்தான். வெளியே நிற்கிறவர் சீட்டை உள்ளே நீட்டுவார். கூடவே பாட்டிலையும் நீட்டுவார். கலவை மருந்து ஊற்ற எண்ணெய் பாட்டிலும் வரும், சாராய பாட்டிலும் வரும். கழுவச் சொன்னால், "கய்விட்டுத்தான் கொணாந்தேன் கம்பவுண்டரம்மா" என்பார்கள். மோந்து பார்த்தால் தெரியும். வெள்ளம் வந்த வருஷமும் உண்டு, வாந்திபேதி வந்த வருஷமும் உண்டு. அதையெல்லாம் வேறு யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என் சொந்தத் தவறு ஒன்றை. அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு முழுதாகப் புரியவில்லை.

அதற்கு முன்னால் முனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு அந்தக் கதை தெரியும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அதை நான் பெருமையாகச் சொல்லுவேன்.

முனியம்மா பெருநகர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்க வந்தாள். பார்த்தேன். பிரொப்ரனலால்.

"இன்னாத்துக்குக் குடுத்தாங்க?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே கீதும்மா."

"இளைப்பு கீதா உனக்கு?"

"இல்லம்மா."

வரிசையில் பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள். "இன்னாடி இல்லன்ற? பனிக்காலத்துல நீ இழுக்கிற இழுப்பு எங்க வூடு வரைக்கும் கேக்குது."

"சும்மா கெடடி. ஒன்ன யாரு கேட்டா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்துமா இளைப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது என்பது மருந்து படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். "பொய் சொன்னா சாகப்போறது நீயா நானா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். அவள் ஜன்னலுக்குக் கிட்டே குனிந்து, பின்னால் நிற்பவளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "இளைப்புன்னு தெரிஞ்சா நடவுக்குக் கூப்பிட மாட்டாங்கம்மா."

மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். முனியம்மா திரும்பி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். கேள்வி கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது, சொல்லும் பதிலையும் நம்பக் கூடாது என்று அந்தக் கதையை முடிப்பேன். நான் கண்ட பாடம் அவ்வளவுதான்.

இனி என் வீட்டுக் கதை.

என் மகள் மாலதிக்கு மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை இளைப்பு இருந்தது. மார்கழியில் ராத்திரி முழுக்க மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு வயதுக்குப் பிறகு நின்றுவிட்டது. வெளியே யாரிடமும் நாங்கள் அதை இளைப்பு என்று சொன்னதில்லை. பெண் குழந்தைக்கு இளைப்பு என்று ஒரு வீட்டில் தெரிந்தால் பத்து வருஷம் கழித்துப் பெண் பார்க்க வருகிறவர் காதிலும் அது விழும். அதனால் "சளி" என்போம். உறவில் கேட்டால் சளி. பள்ளிக்கூடத்தில் கேட்டால் சளி. நானும் என் வீட்டுக்காரரும் தனியாகப் பேசிக்கொள்ளும்போதுகூட, "இந்தப் பனிக்கு அவளுக்குச் சளி வராம இருக்கணும்" என்றுதான் பேசினோம். சொல்லிச் சொல்லி எனக்கே அது சளியாகிவிட்டது.

மாலதி பன்னிரண்டாவது படித்தாள். உயிரியல் பாடம். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. செய்முறைத் தேர்வில் கரப்பான்பூச்சியை அறுத்து நரம்பு மண்டலத்தை எடுத்துக் காட்ட வேண்டும். வெள்ளை நூல் மாதிரி இருக்குமாம். மாதிரித் தேர்வில் கை நடுங்கி அதை அறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"எல்லாப் பசங்களும் முழுசா எடுத்துட்டாங்கம்மா. டீச்சர் எங் கையப் பாத்துட்டு, இந்தக் கைய வச்சிக்கினு நீ டாக்டராவப் போறியான்னு கேட்டாங்க."

அந்த வார்த்தை அவளைவிட என்னை அதிகமாகக் குத்தியது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. மேடையில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் கை நடுங்காமல் இருக்க ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்று சொன்னார். பிரொப்ரனலால்தான். அதைத் தேடிப்போக வேண்டிய தேவையும் இல்லை. என் வீட்டுக்காரர் ரத்தக் கொதிப்புக்குத் தினமும் சாப்பிடுவது அதே மாத்திரை. அலமாரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரை மாத்திரை கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னேன். ஒரே தடவையில் கோர்த்துவிட்டு, "எம்மா, கை அப்படியே நிக்குதும்மா!" என்று சிரித்தாள். இரண்டு நாள் கழித்துத் தேர்வு. காலையில் முழு மாத்திரை கொடுத்தேன்.

முனியம்மாவை அதட்டிய அதே வாய், அதே மாத்திரை. இளைப்பு உண்டா என்ற அந்தக் கேள்வி என் வீட்டு அலமாரிக்கு முன்னால் எனக்கு ஏன் வரவில்லை? எவ்வளவோ யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய். தெரிந்தே செய்தேன் என்றாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, கூரத்திலிருந்து வந்திருந்தார். அவருடைய மகன் காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரத்தில் இருந்தான். மாலதியை அவனுக்குக் கேட்கிற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "பரீட்ச முடிஞ்சதும் நானே போயி பொண்ணக் கூட்டிக்கினு வரேன்" என்று உத்திரமேரூரில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். இரண்டு பேரும் பெருநகர் பஸ்ஸில் ஏறினார்கள்.

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். ஜன்னலில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். எங்கள் வாசலிலேயே பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. வழக்கமாக அங்கே பஸ் நிற்காது. கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில்தான் நிற்கும். கண்டக்டர் விசிலை விடாமல் ஊதினார். "கம்பவுண்டரம்மா! ஒங்க பொண்ணு!"

அவர் ஒரு பக்கமும் என் நாத்தனார் ஒரு பக்கமும் பிடித்து மாலதியை இறக்கினார்கள். தோள்பட்டை காதுவரை ஏறியிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. அந்த இழுப்புச் சத்தத்தை ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டேன்.

நர்சு குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் போயிருந்தார். ஜீப்பும் அங்கேதான் இருந்தது. நிலையத்தில் டாக்டரும் நானும்தான். டாக்டர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். திருநெல்வேலிப் பக்கம். என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. மாலதியை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நான் ஆக்சிஜனைத் திறந்து மாட்டினேன்.

"முன்னாடி இந்த மாதிரி இளைப்பு வந்திருக்காம்மா?"

நாத்தனார் கட்டில் தலைமாட்டில் நின்று மாலதியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர்," என்றேன். "சளி புடிக்கும். அவ்வளவுதான்."

மாலதி தலையைத் தூக்கினாள். பேச மூச்சு இல்லை. ஒரு வார்த்தைக்கு நடுவில் இரண்டு தடவை இழுத்தாள். கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். என்னைப் பார்த்து மறுபடியும் அப்படியே செய்தாள்.

"தண்ணி கேக்குது கொய்ந்த," என்றார் நாத்தனார்.

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் டம்ளரைத் தள்ளிவிட்டாள். மாத்திரையைத்தான் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்ததா? அதை ஆயிரம் தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சில நாள் புரிந்தது என்று தோன்றும். சில நாள் இல்லை என்று தோன்றும்.

டாக்டர் அட்ரினலின் கேட்டார். மருந்து இருக்கிற கண்ணாடி ஆம்பூலை எடுத்துக் கொடுத்தேன். தோலுக்கடியில் போட்டார். வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து பத்து நிமிஷத்தில் நெஞ்சு தளரும், நாடி ஓடும், கை நடுங்கும், ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். இளைப்போடு வந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ஒரு ஊசியில் எழுந்து நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருபது நிமிஷம் காத்திருந்துவிட்டு இரண்டாவது ஊசி போட்டார். நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார்.

"என்னதும்மா இது? அட்ரினலின் போட்டா நாடி ஏறணும். இங்க எறங்குது. பிரஷர் மட்டும் ஏறியிருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அட்ரினலின்தானே குடுத்தீங்க?"

குப்பையிலிருந்து உடைந்த ஆம்பூல்களைப் பொறுக்கிக் காட்டினேன். எழுத்து சரியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும், ஆம்பூலை மாற்றி எடுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

"வெயில்ல கெட்டுப் போயிருக்குமோ? புதுப் பெட்டியில இருந்து ஒண்ணு எடுங்க. இன்னொன்னு போட்டுப் பாத்துருவோம்."

நாத்தனார் அழ ஆரம்பித்திருந்தார். "கண்ணு, மூச்ச இழுத்து வுடுடி. இங்கப் பாரு. அத்தயப் பாரு."

மருந்தறைக்குப் போய்ப் புதுப் பெட்டியைக் கிழித்து ஒரு ஆம்பூலை எடுத்தேன். அதன் கழுத்தை அரத்தால் கீறினேன். கீறும்போதுதான் நாடி இறங்குகிறது என்று டாக்டர் சொன்னது தலைக்குள் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர், "நாடி மெதுவாத்தான் ஓடும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. மருந்து கெட்டுப்போகவில்லை. மருந்து சரிதான். இந்த மூன்றாவது ஊசியும் சரியான மருந்தாகத்தான் இருக்கும். எவ்வளவு போட்டாலும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

கட்டிலண்டை போனேன். டாக்டர் சிரிஞ்சோடு கையை நீட்டினார். நான் ஆம்பூலைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"குடுங்கம்மா."

"போடாதீங்க டாக்டர். காத்தால நான் அவளுக்குப் பிரொப்ரனலால் குடுத்தேன். முழு மாத்திரை. கை நடுங்கக் கூடாதுன்னு."

டாக்டர் சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

"இளைப்பும் உண்டு டாக்டர். எட்டு வயசு வரைக்கும். சளி இல்ல அது. இளைப்புதான்."

நாத்தனாரின் கை மாலதியின் முதுகில் நின்றுவிட்டது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டர் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு? எத்தனை மில்லிகிராம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அமினோஃபிலின் எடுங்க. குளுக்கோஸ்ல கலக்கணும். ஹைட்ரோகார்டிசோனும் எடுங்க. வாசல்ல யார் சைக்கிள் நிக்குதோ அவரை முகாமுக்கு அனுப்பி ஜீப்பைக் கூட்டியாரச் சொல்லுங்க."

அமினோஃபிலினை நரம்பில் மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் டாக்டர் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு ஒரு சமயத்தில் மாலதியின் தோள் ஒரு விரல்கடை இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இழுப்புக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது, சளியோடு. அவள் பேசிய முதல் வார்த்தை, "எடுத்துட்டேம்மா."

"இன்னாத்த?"

"நரம்ப. முழுசா."

ஜீப் வந்தது. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் காப்பி கூஜா. நானாக ஆரம்பித்தேன். "அக்கா, ஒங்ககிட்ட மறச்சது..."

"ஏன் தனம், எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? கடிச்சித் தின்னுடுவனா?" காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தார். பிறகு வராந்தாவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம் புள்ளைக்கும் இருந்திச்சி. பத்து வயசு வரைக்கும். நாங்க 'கணச்சூடு'ன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் காப்பியைக் குடித்தோம். அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. இளைப்பினால் இல்லை. மாலதிதான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே டாக்டரிடம் கேட்டேன். "ஒரே உடம்பு. அட்ரினலின் போட்டீங்க, கேக்கல. அமினோஃபிலின் போட்டீங்க, கேட்டுச்சி. எப்படி டாக்டர்?" இருபத்தொரு வருஷம் இந்த மருந்துகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எதற்கு எது என்று தெரியும். ஏன் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டர் ஒரு வெளிநோயாளி சீட்டைத் திருப்பிப்போட்டு வட்டம் போட்டார். "இது ஒரு செல். அட்ரினலின் இதுக்குள்ள போறதே இல்லம்மா. வெளியிலயே நின்னுரும்."

"உள்ள போகாம எப்படி வேலை செய்யும்?"

"உங்ககிட்ட சீட்டு குடுக்கறவங்க உள்ள வராங்களா? ஜன்னல்லதானே நீட்டறாங்க? செல்லோட மேல் தோல்லயும் அப்படி ஜன்னல் இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம், ரிசெப்டர். அட்ரினலின் அங்க வந்து சீட்டை நீட்டும். ஜன்னலுக்கு உள்பக்கம் ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவரு திரும்பி உள்ள குரல் குடுப்பாரு. உள்ள இருக்கிற ஒரு நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.ங்கற சின்னச் சின்னத் துண்டுச்சீட்டா எழுதித் தள்ளும். ஒரு சீட்டு வந்தா உள்ள நூறு துண்டுச்சீட்டு. அது பரவினதும் மூச்சுக் குழாயோட தசை தளரும்."

"அந்த மாத்திரை?"

"அதுவும் அதே ஜன்னலுக்குத்தான் வரும். ஆனா சீட்டு எதையும் நீட்டாது. சும்மா ஜன்னலை அடைச்சிக்கிட்டு நிக்கும். நாம வெளியில இருந்து எத்தனை ஊசி போட்டாலும் எல்லாம் அது முதுகுக்குப் பின்னாலதான் வரிசையில நிக்கும்."

அப்படி நிற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மருந்து வாங்கிய பிறகும் நகராமல், ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி ஊர்க்கதை பேசுகிறவர்கள்.

"அப்ப பிரஷர் ஏன் ஏறுச்சி?"

"அட்ரினலினுக்கு வேற வகை ஜன்னலும் இருக்கு. ரத்தக் குழாய்ல இருக்கறது வேற. அதை இந்த மாத்திரை அடைக்காது. அங்க சீட்டு போய்ச் சேந்துருச்சி. குழாய் சுருங்கி பிரஷர் ஏறுச்சி, அதைப் பாத்து இதயம் வேகத்தைக் கொறச்சிச்சி. மூணாவது ஊசியும் போட்டிருந்தா..."

இது எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் சுருங்கு என்கிறது, இன்னோரிடத்தில் தளர் என்கிறது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தேன். எங்கள் நிலையத்திலும் அப்படித்தான். ஒரே சீட்டை என் ஜன்னலில் நீட்டினால் மாத்திரை கிடைக்கும், ஊசி அறையில் நீட்டினால் குத்து கிடைக்கும். சீட்டில் இருப்பது பாதிதான். உள்ளே இருந்து அதை யார் வாங்குகிறார்கள் என்பதில் மீதி இருக்கிறது.

அமினோஃபிலின் ஜன்னலுக்கே போகாது என்றார் டாக்டர். அது உள்ளே போய்விடும். செல்லுக்குள் அந்தத் துண்டுச்சீட்டுகளைக் குப்பை மாதிரிப் பெருக்கித் தள்ள ஒருவர் இருக்கிறாராம். அமினோஃபிலின் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற சீட்டு குப்பைக்குப் போகாது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஜன்னலே அடைஞ்சி கெடக்குது. உள்ள சீட்டே எழுதலன்னா, பெருக்கறவர் கையப் புடிச்சி இன்னா பிரயோஜனம்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நல்ல கேள்வி. எப்பவும் கொஞ்சம் எழுதிட்டேதான் இருக்கும்னு நெனைக்கிறேன்." அந்த வட்டத்தை மறுபடி பார்த்தார். "சரியாத் தெரியலம்மா."

மாற்றலாகிப் போவதற்கு முன்பு அவர் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். ஜன்னல் விஷயம் சரிதானாம். அமினோஃபிலின் பற்றி அன்று சொன்னது முழுக்கச் சரியில்லையாம். நாம் கொடுக்கிற அளவுக்குப் பெருக்குகிறவர் கையை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை, வேறு ஏதோ வழியில் வேலை செய்கிறது என்று இப்போது பேசிக்கொள்கிறார்களாம். எந்த வழி என்று யாருக்கும் முடிவாகத் தெரியவில்லை. "ஆனா அன்னைக்குக் கேட்டுச்சில்ல?" என்றார். கேட்டது. என் மகள் இருக்கிறாள். எந்தக் காரணத்தால் என்று அதைக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை, எடுத்து நீட்டிய எனக்கும் தெரியவில்லை.

உங்களுக்குப் பாடமாக எதைச் சொல்வது? ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் ஜன்னலில் இப்படித்தான் செய்தேன். இளைப்பு உண்டா என்று கேட்பதற்கு முன்னால், கூட வந்தவரை "அப்படிப் போயி பாட்டிலைக் கழுவிக்கினு வாங்க" என்று குழாயடிக்கு அனுப்பிவிடுவேன். பிறகு தாழ்ந்த குரலில் கேட்பேன். "ஒங்க வூட்ல அதுக்கு இன்னா பேர் சொல்லுவீங்க?" என்றும் கேட்பேன். எத்தனை பெயர் வந்தது தெரியுமா? சளி, கணச்சூடு, பனி ஒத்துக்கொள்ளாது, மாடி ஏறினால் மட்டும். ஒருவர்கூட முதல் தடவையில் இளைப்பு என்று சொன்னதில்லை. முனியம்மாவை எல்லோர் முன்னிலையிலும் கேட்டது நான்தான். அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு என்ன பயம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். பிறகு ஒரு நாள் அவள் வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றாள். பாட்டிலை நானே கழுவி மருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

இன்னொன்று. தவறு செய்துவிட்டால் அதைச் சொல்ல நல்ல நேரம் ஒன்று வரும் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிஷம் இருந்தது. வேண்டிய மட்டும் நேரம். அதில் நான் சொல்லவில்லை.

மாலதிக்கு டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் விலங்கியல் படிக்கிறாள். இளைப்பு அவ்வப்போது வருகிறது. இப்போது வீட்டில் அதை இளைப்பு என்றுதான் சொல்கிறோம். அவள் என்மேல் கோபப்பட்டதே இல்லை. அன்று விரலைக் குவித்து வாயில் வைத்துக் காட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் நான் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், தலைவலி மாத்திரையாக இருந்தாலும், வாங்கித் திருப்பிப் பார்த்து அதிலுள்ள பெயரைப் படிக்கிறாள். பிறகு, நான் சொன்ன டாக்டரின் ஜன்னல் கதையை வைத்துச் சாதாரணமாகக் கேட்கிறாள்: "இது எந்த ஜன்னலுக்கும்மா?" எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். அப்போது அவள் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, படித்துப் பார்த்து வந்து சொல்கிறாள்.

அவள் அப்படிப் படிக்கிற நேரத்தில், தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் கை நடுங்குகிறது. அந்த நாளுக்குப் பிறகு வந்தது, நிற்கவில்லை. மாலை போட்ட அன்று உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்காரர் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். காட்டவில்லை. அதை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலமாரியில், கண்ணாடிக்குப் பக்கத்தில்.